அகல்யாவின் இடது கண்

திருச்செங்கோட்டில் அகல்யாவின் பார்லருக்கு வழி கேட்டால் கடைப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஒத்தைக் கண்ணில் மட்டும் கலர் பூசியிருக்குமே, அந்த அம்மிணியா என்று திருப்பிக் கேட்பார்கள். அவளேதான். அவளுடைய வலது கண் வருஷம் முழுக்க வெறுங்கண். இடது இமையில் ஒரு நாள் செம்பு நிறம், இன்னொரு நாள் கத்தரிப்பூ நிறம், ஒரு தடவை மயில் பச்சை. வெளியூர்க்காரர் ஒருவர், தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள் என்று நம்பி, பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்லர் படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே வந்துவிட்டார். அங்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, போகும்போது தன் மனைவிக்கு ஃபேஷியல் எவ்வளவு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான் அர்த்தநாரி. இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். மேக்கப்காரிகள் என்றாலே எனக்கு ஆகாது. ஆறு மணிக்குப் பெண்ணைக் கொடுக்கிறேன் என்பார்கள், எட்டு மணிக்குக் கொடுப்பார்கள். அதுவும் பெற்ற தாயே வந்து நின்று பொண்ணு எங்கே என்று கேட்கிற கோலத்தில். இமையில் கிலோ கணக்கில் ஜிகினாவைக் கொட்டி விடுவார்கள். அந்தப் பெண் மேடையில் கண்ணைத் திறக்க முடியாமல் கண்ணீர் விடும். பெற்றவர்களைப் பிரியப் போகிற துக்கம் என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஒரு துக்கமும் இல்லை, எல்லாம் ஜிகினா.

அகல்யாவோடும் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அவள் மேக்கப் போட்டுக் கண் திறக்க முடியாமல் போன பெண்ணை இதுவரைக்கும் நான் படம் பிடித்ததில்லை. அதனால் திட்டினாலும் மரியாதையாகத் திட்டுவேன்.

அவளுக்கே கண்ணில் எதுவும் ஆகாது, விஷயம் அதுதான். பத்தொன்பது வயதில் குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். ஆறு வருஷம் பஞ்சுத் தூசியில் இருந்து கண் கெட்டுப்போயிற்று. காற்றடித்தால் சிவக்கும், ஊதுவத்தி கொளுத்தினால் அரிக்கும். டாக்டர் பஞ்சு ஆகாது என்று எழுதிக் கொடுத்த சீட்டை மாமியார் மாரக்காளிடம் காட்டினாள். ஊரில் அத்தனை பொம்பளைக்கும் ஒத்துக்கொள்கிற பஞ்சு இவளுக்கு மட்டும் ஆகாதா, இவள் என்ன வெண்ணெயில் செய்த பொம்மையா என்று அந்த அம்மாள் கேட்டாளாம். புருஷன் சரவணக்குமார் நல்லவன்தான், ஆனால் ஆத்தாள் முன்னால் வாய் திறக்கிற ஜாதியில்லை. கடைசியில் அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் லாரியில் வேலைக்குச் சேர்ந்து, திருச்செங்கோட்டில் தனி வீடு பார்த்தான். இப்போது அவன் மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். இவள் இங்கே பார்லர் வைத்திருக்கிறாள்.

கண் ஆகாதவள் கண்ணுக்குப் பூசுகிற தொழிலுக்கு எதற்கு வந்தாள் என்று நான் ஒரு தடவை கேட்டே விட்டேன். சர்க்கரை வியாதிக்காரன் ஸ்வீட் ஸ்டால் வைக்கவில்லையா என்றாள். வாயாடி.

அவள் வைத்திருக்கிற முறை இதுதான். புதிதாக எந்தச் சாயம் வந்தாலும் முதல் நாள் அவள் காதுக்குப் பின்னால். தடிக்கவில்லை என்றால் அடுத்த இரண்டு நாள் அவள் இடது இமையில். இடது கண் சிவக்காவிட்டால் இந்த ஜில்லாவில் எவள் கண்ணும் சிவக்காது என்பது அவள் கணக்கு. வலது கண்ணைத் தொடவே மாட்டாள். ஸ்கூட்டி ஓட்ட ஒன்று வேண்டுமே. கண் டாக்டர் இதற்காகவே அவளை வருஷத்துக்கு இரண்டு தடவை திட்டுகிறார். அவள் சொட்டு மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

பிரஷ்களைக் குழந்தைக்குப் போடுகிற ஷாம்பு விட்டு அலசி, மொட்டை மாடிக் கொடியில் கருவாடு மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பாள். ஒரு முகத்துக்குப் போட்ட பிரஷ் அலசிக் காயாமல் இன்னொரு முகத்துக்குப் போகாது. கண்ணுக்கு ஜிகினா கிடையாது. தூள் கிடையாது, களிம்பு மாதிரி இருக்கிறதுதான். அதையும் இழுத்துப் பூச மாட்டாள். மோதிர விரலால் தொட்டு இமையின் நடுவில் ஒற்றி வைப்பாள். மூக்கோரம் இருக்கிற கண் முனைக்கும், இமை மயிரின் வேருக்கும் சாயம் போகக் கூடாது. காய்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அம்பது எண்ணச் சொல்வாள். துபாய்க்காரச் சித்தப்பா வாங்கி வந்த பெட்டி என்று எவளாவது நீட்டினால், புரட்டித் தேதியைப் பார்ப்பாள். பாதிப் பெட்டி அப்போதே காலாவதியாகியிருக்கும். சித்தப்பாவுக்கு வேண்டுமானால் பூசிவிடுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இப்படியாக, கண் ஆகாத பெண்களெல்லாம் மேச்சேரியிலிருந்தும் கெங்கவல்லியிலிருந்தும் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவள்தான் தமிழினி.

தமிழினிக்குக் குமாரபாளையம். அப்பா முருகானந்தம் பன்னிரண்டு தறி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை அறிவு, ராசிபுரம். அவர்களுக்கு முப்பத்திரண்டு தறி. நிச்சயதார்த்தத்துக்கு உள்ளூரில் யாரோ ஒருத்தி வந்து கண்ணுக்குத் தங்கத்தூளை அள்ளி அப்பிவிட்டுப் போயிருக்கிறாள். தட்டு மாற்றுகிற நேரத்தில் தமிழினியின் கண் இரண்டும் போண்டா. அந்தப் படத்தை மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு புண்ணியவான் போட்டுவிட்டான். மாப்பிள்ளையின் அத்தை பொன்னாயி, பொண்ணுக்குக் கண்ணில் ஏதாவது நோவா என்று ஒரு வார்த்தை கேட்டாள். ஒரே வார்த்தைதான். அது ராசிபுரத்தைச் சுற்றிவிட்டு ஒரு வாரம் கழித்துக் குமாரபாளையத்துக்குத் திரும்பி வந்தபோது, பெண்ணுக்கு ஒரு கண் பார்வையே கிடையாதாம் என்று வளர்ந்திருந்தது.

தமிழினி பார்லரில் வந்து உட்கார்ந்த அன்று நானும் இருந்தேன், ஆல்பம் விஷயமாக. மெலிந்த பெண், மெதுவான பேச்சு. கண்ணோரம் அன்றைக்கும் லேசாகச் சிவந்துதான் இருந்தது. அகல்யா எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்டாள்.

"எனக்கு அழகெல்லாம் வேண்டாங்க்கா. மேடையில கண்ணத் தொறந்துக்கிட்டு நிக்கோணும். அவிங்க அத்தனை பேரும் என்ற கண்ணத்தான் பாப்பாங்க."

அகல்யா அவளுக்காக ஒன்பது சாயம் சோதித்தாள். அந்த மாதம் முழுக்க அவள் இடது கண் திருவிழாவாக இருந்தது. எட்டு தேறவில்லை. ஒன்பதாவதாக வந்த ஒரு காப்பிக்கொட்டை நிறம் இரண்டு நாள் அவள் கண்ணில் இருந்தும் ஒன்றும் செய்யவில்லை. பிறகு தமிழினியின் காதோரம், பிறகு தமிழினியின் இமை. ஒரு அரிப்பு இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான்கூடச் சபாஷ் என்றேன். சபாஷ் சொல்கிற ஆள் நானில்லை.

கல்யாணம் குமாரபாளையத்தில், ஒன்பதரை மணி முகூர்த்தம். மண்டபம் பெண் வீட்டுக்கு எதிரிலேயே. மணப்பெண் அறை என்று மண்டபத்தில் கொடுத்த இடத்தில் ஒரு பல்பு, பதினோரு அத்தைகள், ஒரு தண்ணீர் டிரம். அகல்யா எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே உட்கார்ந்து கண்ணுக்குப் பூசினால் காதில்தான் போய் விழும் என்றாள். உடனே முருகானந்தம் முன்னால் வந்தார். வீட்டை ஒட்டின தன் தறிப்பட்டறையில் இருக்கிற வெளிச்சம் ஈரோடு முதல் சேலம் வரைக்கும் எந்த மண்டபத்திலும் கிடையாது என்றார். போன மாதம்தான் பதினாறு எல்ஈடி டியூப் மாட்டியிருக்கிறார், நூல் அறுந்தால் பளிச்சென்று தெரிய வேண்டுமே. தறி ஓட்டம் மூன்று நாளாக நிறுத்தம். தரையை ஃபினாயில் விட்டுக் கழுவி, நடுவில் நாற்காலியும் கண்ணாடியும் போட்டிருந்தார். தறி ஓடாத பட்டறையில் பஞ்சு ஏதுங்க என்று அவரே கேட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அகல்யா தரையைப் பார்த்தாள், சுத்தம். வெளிச்சத்தைப் பார்த்தாள், பகல் மாதிரி இருந்தது. சரி என்றாள். நானும் சரி என்றேன், எனக்கும் வெளிச்சம்தானே சோறு.

ஆறரை மணிக்கு ஆரம்பித்தாள். ஏழேகாலுக்கு முகம் முடிந்து, கண்ணுக்கு வந்தாள். இரண்டு இமையிலும் காப்பிக்கொட்டை நிறத்தை ஒற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடி அம்பது எண்ணு சாமி என்றாள். தமிழினி எண்ண ஆரம்பித்தாள். பதினாறு டியூப் வெளிச்சத்தில் நெற்றியில் வேர்வை அரும்பியது. அதைப் பார்த்துப் பெற்ற மனம் தாங்கவில்லை. முருகானந்தம் போய்ச் சுவரோரம் இருந்த சுவிட்சைத் தட்டினார்.

தறிப்பட்டறையில் ஃபேன் போட மாட்டார்கள். போட்டால் பஞ்சு பறந்து பாவு நூலில் ஒட்டும். அந்த ஃபேன், பட்டறை கட்டியபோது மாட்டியது. அதன் இறக்கை மேல் விரல் கனத்துக்குப் பஞ்சு மெத்தை போட்டிருந்தது. பன்னிரண்டு தறி ஓட்டுகிற மனுஷனுக்கு அது கண்ணில் படவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறதை எவன் அண்ணாந்து பார்க்கிறான்? ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி முனகியது. அடுத்த சுற்றில் அத்தனையும் இறங்கியது.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை வெளேரென்று மெதுவாக இறங்குகிற பஞ்சுக்கு நடுவில் பட்டுச்சேலையில் ஒரு பெண் கண் மூடி உட்கார்ந்திருக்கிறாள். காஷ்மீரில் எடுத்த மாதிரி இருந்தது. நாலு படம் எடுத்தேன். ஐந்தாவது எடுக்கும்போதுதான் அகல்யா நாற்காலியோடு அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணியிருந்த தமிழினி, என்ன சத்தம் என்று கண்ணைத் திறந்துவிட்டாள். காயாத களிம்பில் பஞ்சு ஒட்டி, இமை மயிர் வழியாக உள்ளே போயிற்று. இரண்டே நிமிஷம். கண் செக்கச் செவேல் என்றாகிவிட்டது.

அதற்குள் சேதி மண்டபத்துக்குப் போய், வைத்தியம் கிளம்பி வந்துவிட்டது. ஒரு அத்தை விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். இன்னொருத்தி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக்கொண்டே வந்தாள். மூன்றாவது அத்தை, கண்ணுக்குத் தாய்ப்பாலை மிஞ்சிய மருந்து கிடையாது என்று பச்சை உடம்புக்காரி ஒருத்தியையே கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். அந்தப் பெண் பாவம், யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் குழந்தையோடு முழித்துக்கொண்டு நின்றது. அகல்யா மூன்று பேரையும் வாசலிலேயே நிறுத்தினாள். இந்தக் கண்ணுக்குள் இனி ஒரு சொட்டு எதுவும் போனால் நான் பொல்லாதவளாகிவிடுவேன் என்றாள். ஏற்கெனவே ஆகியிருந்தாள்.

தமிழினியை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், காற்று முதுகுப் பக்கம் வருகிற மாதிரி உட்கார வைத்தாள். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கேட்டு வாங்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கண்ணை அலசினாள். தேய்க்காதே, கை வைக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புதுத் துணியை நனைத்து இமைமேல் போடுவாள், எடுப்பாள், மறுபடி நனைப்பாள். முக்கால் மணி நேரம் அதே வேலை. நடுவில் ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள்.

"ஆறு வருஷம் பஞ்சுக்குள்ளயே கெடந்தவளுங்ணா நான். மேல ஒருக்கா அண்ணாந்து பாத்திருக்கோணும். பாக்கலியே."

வீக்கம் பாதி வற்றியது. சிவப்பு போகவில்லை. மணி எட்டரை. தமிழினியின் அம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, அந்தச் சிவப்பு தெரியாதபடிக்கு ஐ ஷேடோவைக் கனமாகப் போட்டு மூடிவிடச் சொன்னார். அகல்யா முடியாது என்றாள். அந்த அம்மாள் விடவில்லை. ராசிபுரத்துக்காரர்கள் பார்ப்பார்கள், ஏற்கெனவே குருடி என்று பேசியாகிவிட்டது, கண்ணுக்குப் பூசத்தானே உன்னைத் தேடிப் பிடித்தோம், பூசாமல் எதற்கு நீ என்று அழுதுகொண்டே சத்தம் போட்டார். அழுகையில் ஞாயம் இருந்தது. எனக்கே அகல்யா இறங்கி வந்தால் தேவலை என்றிருந்தது.

"மூஞ்சி பூராவும் நான் பாத்துக்கறனுங்க. கண்ணு அவளுது. இன்னைக்கு அதுமேல ஒண்ணும் படாது."

தமிழினியின் அம்மா மகளைப் பார்த்தார். தமிழினி ஈரத்துணியை இமையிலிருந்து எடுத்துவிட்டு, வெறுங்கண்ணோடவே போறம்மா என்றாள்.

ஒன்பதுக்கு மேடை ஏறினாள். முகம் அம்சமாக இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். கண் மட்டும் சிவப்பு, ஓரத்தில் ஈரம். ஆனால் திறந்திருந்தது. ஐயரிடம் அகல்யா ஏற்கெனவே போய், ஈரச் சுள்ளி வேண்டாம், காய்ந்த சமித்தாகப் பார்த்துப் போடுங்கள் என்று சொல்லியிருந்தாள். அவர் அக்கினி பகவானுக்கே அளவு சொல்கிறாயா அம்மா என்று முணுமுணுத்தாலும் புகையைக் குறைத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பொன்னாயி மேடைக்கு வந்தாள்.

வந்தவள் நேராகத் தமிழினியின் தாடையைப் பிடித்து, சந்தையில் ஆட்டை வாயைத் திறந்து பல் பார்க்கிற மாதிரி முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அன்னைக்கும் சிவந்திருந்தது, இன்னைக்கும் சிவந்திருக்கிறதே, என்ன நோவு என்று முன்வரிசைக்குக் கேட்கிற குரலில் கேட்டாள். தமிழினியின் அப்பா ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். சேலை மடிப்பைச் சரிசெய்ய மேடையில் நின்றிருந்த அகல்யாதான் பதில் சொன்னாள். நோவு இல்லை, பஞ்சு என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"உங்க ஊட்டுல பொண்ணு மாப்பிள்ளைக்கு எந்த ரூமுங்க? தறிப் பக்கமுங்களா?"

பொன்னாயிக்கு முகம் கறுத்துவிட்டது. மேக்கப்புக்கு வந்தவள் பவுடரைப் பூசினோமா, கூலியை வாங்கினோமா என்று இருக்க வேண்டும், படுக்கிற அறையைப் பற்றி உனக்கென்ன பேச்சு என்றாள். பக்கத்திலிருந்த நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அகல்யா தலையைக் குனிந்துகொண்டாள். அவளை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் தலை குனிந்து பார்த்ததில்லை.

"அவிங்க கேக்கலீங்க. நாந்தான் கேக்கறேன்" என்றாள் தமிழினி. பொன்னாயியைப் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவைப் பார்த்துச் சொன்னாள், அந்தச் சிவந்த கண்ணை இமைக்காமல். "நமக்கு எந்த ரூமுங்க?"

அறிவு மாலைக்குள்ளிருந்து தலையைத் தூக்கினான். தறிச் சுவரை ஒட்டின அறைதான் என்றான். ரோட்டுப் பக்கம் ஒன்று இருக்கிறது, அதில் அப்பா படுக்கிறார் என்றான். அப்புறம், அப்பாவைக் கேட்கிறேன் என்று எழுந்தான்.

அவன் அப்பா தண்டாயுதபாணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் தறிச் சத்தத்தில் இருந்தவர், காது சுத்தமாகப் போய்விட்டது. மேடையில் நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது, நிம்மதியாகக் கல்கண்டு மென்றுகொண்டிருந்தார். அறிவு மேடை விளிம்பில் குனிந்து அவர் காதில் கேட்டான். என்ன என்றார். கொஞ்சம் சத்தமாகக் கேட்டான். சாப்பாடா, முதல் பந்தி போகட்டும் என்றார். மூன்றாவது தடவை அவன் அடிவயிற்றிலிருந்து கத்தவும் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளை தன் தகப்பனிடம் படுக்கிற அறையை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சுவதை எண்ணூறு பேர் கேட்டார்கள். பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு. அறிவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது, ஆனாலும் அந்தப் பயல் நகரவில்லை, பதில் வருகிற வரைக்கும் குனிந்தபடியே நின்றான்.

தண்டாயுதபாணி கல்கண்டை விழுங்கினார். மருமகளை நிமிர்ந்து பார்த்தார், நன்றாகவே பார்த்தார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி அவரும் கத்தித்தான் பேசினார்.

"எனக்கென்ன சாமி, காதா கேக்குது? எங்க படுத்தாலும் ஒண்ணுதான். நீ ரோட்டுப் பக்கம் படுத்துக்க."

சீர்வரிசைக் கட்டிலும் பீரோவும் ஏற்றிய டெம்போ வாசலில்தான் நின்றது. கட்டிலை எங்கே இறக்க வேண்டும் என்று அறிவு அங்கேயே ஃபோன் எடுத்து டிரைவருக்குச் சொன்னான். ஐயர் முகூர்த்தம் போகிறது என்று கத்தினார். பொன்னாயி கீழே இறங்கிப் போய் உட்கார்ந்தாள்.

கெட்டி மேளம் கொட்டியது. தாலி ஏறுகிற நேரத்தில் தமிழினியின் கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியது. அவள் துடைக்கவுமில்லை, கண்ணை மூடவுமில்லை. நான் எடுக்க வேண்டிய அத்தனையும் எடுத்தேன்.

எடுத்து முடித்துத் திரும்பினால், எனக்குப் பின்னால் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அகல்யா அழுதுகொண்டிருந்தாள். கண்ணில் கை வைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், சேலைத் தலைப்பால் இரண்டு கண்ணையும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உனக்கும் பஞ்சு விழுந்துவிட்டதா அம்மிணி என்று கேட்டேன்.

"இல்லீங்ணா" என்றாள். "நான் வாக்கப்பட்ட ஊட்டுலயும் ரோட்டுப் பக்கம் ஒரு ரூமு சும்மாதானுங்ணா கெடந்துச்சு. கேக்கத்தான் ஒருத்தரும் இல்ல."